வீட்டுப் பேச்சும் நாட்டுப் பேச்சும்

கள்ளக்குறிச்சி நகரைச் சேர்ந்த கருணாபுரத்தில் 2024-ம் வருஷம் ஜூன் மாதம் விஷச் சாராயம் குடித்து 65-க்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அந்தத் துயரத்தைப் பற்றிச் சட்டசபையில் விவாதங்கள் நடந்தன; உயர்நீதிமன்றத்தில் வழக்குகள் நடந்தன; விசாரணைக் கமிஷன் நியமிக்கப்பட்டது; சட்டமும் திருத்தப்பட்டது. அவற்றையெல்லாம் பத்திரிகைகள் விரிவாகவே எழுதியிருக்கின்றன. ஆனால் இந்த விஷயத்தைப் பற்றி ஜனங்கள் தங்களுக்குள் என்ன பேசிக்கொள்ளுகிறார்கள் என்பதை ஆராய்வது அபூர்வம். சட்டசபையில் நடக்கும் பேச்சைக் காட்டிலும் இந்தப் பேச்சே முக்கியமானது என்பது நமது அபிப்பிராயம். வோட்டுகள் சட்டசபையில் உற்பத்தியாவதில்லை. டீக்கடைப் பலகையிலும் வீட்டுத் திண்ணையிலுந்தான் உற்பத்தியாகின்றன. ஆகையால் அந்தப் பேச்சின் தன்மையைச் சற்று நிதானமாகக் கவனிப்போம்.

கள்ளக்குறிச்சி ஜில்லா 2019-ம் வருஷத்தில் விழுப்புரம் ஜில்லாவிலிருந்து பிரிக்கப்பட்டது. கிழக்கே சமவெளி; மேற்கே கல்வராயன் மலை. கரும்பும் நெல்லும் மரவள்ளியும் மக்காச்சோளமும் விளையும் விவசாயப் பிரதேசம் இது. இங்குள்ள ஜனங்களிற் பெரும்பாலோர் பழமையில் பற்றுள்ளவர்கள். குலதெய்வத்தை மறவாதவர்கள், வயதில் மூத்தவர் வந்தால் எழுந்து நிற்பவர்கள், பெண்ணைக் கட்டிக் கொடுப்பதையும் பிள்ளையை ஆளாக்குவதையும் வாழ்க்கையின் இரண்டு பெருங் கடமைகளாக எண்ணுகிறவர்கள். இவர்களைப் பழமைவாதிகள் என்று யாரேனும் சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். நாமும் அதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. குடும்பத்தைப் பெரிதாக மதிக்கும் ஜனசமூகம் எந்த தேசத்திற்கும் ஒரு பலமே ஆகும்.

இப்படிப்பட்டவர்களின் அன்றாடப் பேச்சு இரண்டு வாய்க்கால்களாகப் பிரிந்து ஓடுகிறது. ஒரு வாய்க்காலில் அரசியல் ஓடுகிறது: எந்தக் கட்சி எந்தக் கட்சியோடு சேரும், எந்த ஜாதிக்கு எத்தனை ஸ்தானம், எந்தத் தலைவர் எவரை ஏசினார் என்பன. மற்றொரு வாய்க்காலில் குடும்பம் ஓடுகிறது: பிள்ளைகள் பெரியவர்கள் சொல்லைக் கேட்பதில்லை, கைப்பேசி வந்து கெடுத்துவிட்டது, அண்ணன் தம்பிக்குள் பாகத் தகராறு என்பன. இரண்டும் ஒரே பலகையில், ஒரே மனிதர்களால், ஒரே கிளாஸ் டீயைக் குடித்து முடிப்பதற்குள் பேசப்படுகின்றன. ஆயினும் ஒன்றிலுள்ள நீர் மற்றொன்றில் கலப்பதில்லை. ஊர்க் கோடியிலுள்ள மதுக்கடை முதல் வாய்க்காலைச் சேர்ந்ததா, இரண்டாவது வாய்க்காலைச் சேர்ந்ததா என்று கேட்டால், பேசுகிறவர்கள் சற்றுத் திகைப்பார்கள்.

வீட்டுக்குள்ளே மூன்றாவது பேச்சு ஒன்று நடைபெறுகிறது. அது பெண்களுடைய பேச்சு. இன்று வந்த கூலியில் வீடு வந்து சேர்ந்தது எவ்வளவு, எந்தத் தோடு அடகுக் கடையில் இருக்கிறது, மகளுக்குப் பள்ளிக்கூடச் செலவுக்கு யாரிடம் கைமாற்று வாங்குவது என்பதே அந்தப் பேச்சு. இதை அரசியல் என்று பேசுகிற பெண்களும் நினைப்பதில்லை. கேட்கிற ஆண்களும் நினைப்பதில்லை. ஆனால் நமது ராஜ்யத்தின் வரவு செலவுத் திட்டத்தைப் புரட்டிப் பார்த்தவர்களுக்கு, இதைவிடப் பெரிய அரசியல் வேறு இல்லை என்பது விளங்கும். அடகுக் கடைக்குப் போன தோட்டின் கதையும் சர்க்கார் கஜானாவின் கதையும் ஒரே கதைதான். இந்த உண்மையை எடுத்துச் சொல்லுவதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

கருணாபுரத்திற்குப் பிறகு எழுந்த பேச்சில் மூன்று வாதங்கள் திரும்பத் திரும்பக் கேட்கின்றன.

முதல் வாதம்: குடித்தவன் செத்தான், அதற்கு யார் என்ன செய்ய முடியும்? இறந்தவர் குடும்பத்துக்கு 10 லக்ஷம் ரூபாய் கொடுப்பது குடிகாரனுக்கு வெகுமானம் கொடுப்பது போலல்லவா? இதைச் சொல்லுகிறவர்கள் தீயவர்கள் அல்லர். காலையில் எழுந்து உழைத்து, ஒரு சொட்டும் தொடாமல், கடன் வாங்கிப் பிள்ளையைப் படிக்க வைக்கிற மனிதனுக்கு இந்த ஆத்திரம் வருவது இயற்கை. ஆனால் ஆத்திரம் வேறு, நியாயம் வேறு. அந்தத் தொகை இறந்தவன் கைக்குப் போகவில்லை. அவனை நம்பியிருந்தவர்கள் கைக்குப் போயிற்று. இறந்தவர்களிற் பெண்களும் உண்டு. தாயும் தகப்பனுமாக இருவரையும் இழந்த குழந்தைகளும் உண்டு. அந்தக் குழந்தைகளுக்குப் பெயரில் 5 லக்ஷம் ரூபாய் வைப்புத் தொகையும், 18 வயது வரையில் மாதந்தோறும் 5,000 ரூபாயும் கொடுப்பதாக சர்க்கார் அறிவித்தார்கள். குடும்பமே எல்லாவற்றிற்கும் மூலம் என்று சொல்லுகிறவர்கள், ஒரு குடும்பம் அடியோடு அழிந்தபின் மிஞ்சிய குழந்தையை ஊரார் காப்பாற்றுவதைக் குறை கூற முடியுமா?

இரண்டாவது வாதம்: இதெல்லாம் மலைக்காரர்களால் வந்த வினை; கல்வராயன் மலையிலே காய்ச்சுகிறார்கள், கீழே இறங்குகிறது என்பது. இந்த வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. பாதி உண்மையே முழுப் பொய்யைவிட அபாயமானது. மலையின் ஓடைக் கரைகளில் வெல்லத்தையும் பட்டைகளையும் ஊறவைத்துச் சாராயம் காய்ச்சப்படுவதும், போலீஸார் ஊறலை அழிப்பதும் பல வருஷங்களாக நடந்துவருகின்றன. ஆனால் கருணாபுரத்தில் உயிரைக் குடித்தது மெத்தனால். அது ஓடைக் கரையில் பானையில் காய்ச்சப்படுவதன்று. ரஸாயன ஆலைகளில் உற்பத்தியாகி, டிரம்களில் அடைக்கப்பட்டு, சாலை வழியே லாரிகளில் வருவது. உடலுக்குள் சென்றபின் கண்ணின் நரம்பை முதலில் தாக்கி, பின்பு உயிரையே வாங்குவது. 2023-ம் வருஷம் மே மாதம் மரக்காணத்திலும் செங்கற்பட்டுப் பக்கத்திலும் 20-க்கு மேற்பட்டவர்களைக் கொன்றதும் இதே மெத்தனால்தான். மரக்காணம் கடற்கரையிலுள்ள ஊர். அங்கே குற்றஞ்சாட்ட மலை ஏது? மெத்தனாலை யார் வைத்திருக்கலாம், யாருக்கு விற்கலாம் என்பதற்கு நமது ராஜ்யத்தில் 1959-ம் வருஷம் முதலே விதிகள் உண்டு. விதி இருந்தும் டிரம் வழி தவறுமானால், அதற்குப் பொறுப்பாளி மலையிலிருக்கும் ஏழையல்லன். சமவெளியிலிருக்கும் வியாபாரியும் அவனைப் பாராமுகமாக விட்ட அதிகாரியுமே.

மலைக்காரர்களைப் பற்றி இன்னும் சிறிது சொல்லவேண்டும். கல்வராயன் மலையில் வசிக்கும் மலையாளி என்னும் பழங்குடியினருக்கும் கேரள தேசத்துக்கும் சம்பந்தமில்லை. மலையை ஆள்பவர் என்ற பொருளில் அப்பெயர் வழங்குகிறது. தங்கள் முன்னோர் காஞ்சீபுரத்திலிருந்து வந்து மலையேறியவர்கள் என்பது அவர்கள் சொல்லும் கதை. நெடுங்காலம் இந்த மலை மூன்று ஜாகீர்தார்களின் கீழ் இருந்தது. 1976-ம் வருஷத்துக்குப் பிறகே அது முழுவதும் சர்க்கார் நிர்வாகத்தில் வந்ததென்றும், மலை ஜனங்களுக்கு வோட்டுரிமை 1996-ல்தான் கிடைத்ததென்றும் சென்னை உயர்நீதிமன்றத்தில் எடுத்துரைக்கப்பட்டது. கருணாபுரச் சம்பவத்துக்கு அடுத்த மாதமே நீதிமன்றம் தானாக முன்வந்து அந்த மலை ஜனங்களின் நிலைமையைப் பற்றிய வழக்கை எடுத்துக்கொண்டது. வழக்கில் பேசப்பட்டவை எவை? சாலை, பஸ், ரேஷன், பள்ளிக்கூடம், வைத்தியசாலை. சுதந்திரம் வந்து 75 வருஷங்களுக்கு மேலாகியும் ஒரு பிரதேசத்துக்குச் சாலை வேண்டுமென்று நீதிபதிகள் கேட்க வேண்டியிருந்ததென்றால், அங்கே அடுப்பெரிக்க வேறு தொழில் இல்லாதவன் ஊறல் போட்டான் என்பதைக் கேட்டு நாம் ஆச்சரியப்படுவதில் அர்த்தமில்லை. குற்றத்தை நாம் நியாயப்படுத்தவில்லை; அதன் வேர் எங்கே ஓடுகிறதென்று காட்டுகிறோம்.

மூன்றாவது வாதம்: எந்தக் கட்சியின் ஆட்சியில் இது நடந்தது என்பது. தேர்தல் காலத்தில் இந்த வாதமே மற்ற இரண்டையும் விழுங்கிவிடுகிறது. ஆட்சியிலிருப்போர் பொறுப்பேற்க வேண்டும் என்பதில் ஐயமில்லை. கலெக்டரை மாற்றினார்கள், போலீஸ் சூபரிண்டெண்டைத் தற்காலிகமாக விலக்கி வைத்தார்கள், 2024 ஜூன் முடிவதற்குள் மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தி, உயிர்ச்சேதம் விளைவிக்கும் சாராயக் குற்றத்துக்கு ஆயுள் தண்டனையும் 10 லக்ஷம் ரூபாய்க்குக் குறையாத அபராதமும் விதிக்க வழி செய்தார்கள். அதே வருஷம் நவம்பரில் உயர்நீதிமன்றம் விசாரணையை மத்திய புலனாய்வுத் துறையிடம் ஒப்படைத்தது. சுப்ரீம் கோர்ட்டும் அதில் தலையிட மறுத்துவிட்டது. இவையெல்லாம் வேண்டியவையே. ஆனால் கட்சி எது என்ற கேள்வியோடு பேச்சை முடித்துக்கொள்ளுகிறவர்கள், இந்த விஷயத்தில் நமது ராஜ்யத்தின் பெரிய கட்சிகள் அனைத்துக்கும் ஒரே சரித்திரந்தான் என்பதை மறக்கிறார்கள்.

அந்தச் சரித்திரத்தைச் சுருக்கமாக நினைவூட்டுகிறோம். 1937-ம் வருஷம் அக்டோபர் முதல் தேதி, ராஜாஜியின் மந்திரி சபை சேலம் ஜில்லாவில் மதுவிலக்கை அமுல் நடத்திற்று. கல்வராயன் மலையின் ஒரு பகுதி சேலம் ஜில்லாவிலும் மற்றொரு பகுதி தென்னார்க்காட்டிலும் இருந்தபடியால், மதுவிலக்கின் எல்லைக்கோடு அந்த மலைப் பிரதேசத்தின் நடுவே சென்றது. ஒரு பக்கத்தில் குடி குற்றம். மறு பக்கத்தில் அதுவே சர்க்கார் வருமானம்! பிறகு 1948-ம் வருஷம் அக்டோபர் 2-ந் தேதி, ஓமந்தூர் ராமஸ்வாமி ரெட்டியாரின் ஆட்சியில் சென்னை மாகாணம் முழுவதற்கும் மதுவிலக்கு வந்தது. 1971-ல் அது தள்ளிவைக்கப்பட்டது. அப்போது 92 வயதான ராஜாஜி முதன் மந்திரியை நேரில் கண்டு, வேண்டாமென்று கேட்டுக்கொண்டார், பயனில்லை. 1974-ல் கடைகள் மூடப்பட்டன. 1981-ல் மறுபடியும் திறக்கப்பட்டன. 1983-ல் டாஸ்மாக் ஸ்தாபனம் தோன்றிற்று. 1991-ல் மலிவு விலைச் சாராயம் நிறுத்தப்பட்டது. 2003-ம் வருஷக் கடைசியில் சில்லரை விற்பனையையும் சர்க்காரே ஏற்றுக்கொண்டார்கள். 2023-24-ல் மது மூலம் கஜானாவுக்கு வந்தது 45,000 கோடி ரூபாய்க்கு மேல். திறந்தவர் ஒருவர், விரித்தவர் மற்றொருவர். மூடுவோம் என்று வாக்களித்தவர்கள் இருதரப்பிலும் உண்டு. ஆகையால் கட்சிக் கணக்குப் போடுவதில் காலத்தைக் கழிப்பதைவிட, குடும்பத்தில் பற்றுள்ள ஒரு பிரஜை சர்க்காரிடம் எதைக் கேட்க வேண்டும் என்று யோசிப்பதே பயனுடையது.

இந்தக் கேள்வி நமக்கு மாத்திரம் எழுந்ததன்று. அமெரிக்காவில் பழமையில் பற்றுள்ளவர்களின் அன்றாடப் பேச்சிலும் இரண்டு கொள்கைகள் சேர்ந்தே வருகின்றன. குடும்பமே சமூகத்தின் அடிப்படை என்பது ஒன்று. சர்க்கார் எவ்வளவு சிறியதாக இருக்கிறதோ அவ்வளவு நன்று என்பது மற்றொன்று. சாதாரண நாட்களில் இவ்விரண்டும் அண்ணன் தம்பிகளைப் போல் ஒத்திருக்கின்றன. குடும்பத்துக்குத் தீமை கடைவீதியிலிருந்து வரும்போதுதான் சங்கடம் உண்டாகிறது. கடையை மூடு என்றால் சர்க்கார் பெரிதாகிறது. மூடாதே என்றால் குடும்பம் சிறிதாகிறது.

அந்தத் தேசத்தில் 1874-ம் வருஷம் கிறிஸ்தவப் பெண்கள் மதுவிலக்குச் சங்கம் ஸ்தாபிக்கப்பட்டது. பின்னர் அதன் தலைமையை வகித்த பிரான்ஸிஸ் வில்லார்ட் அம்மையார், வீட்டைக் காப்பாற்றுவதற்காகவே பெண்களுக்கு வோட்டு வேண்டும் என்று பிரசாரம் செய்தார். அடுப்பங்கரையை விட்டு வெளியே வராத பெண்களை அரசியலுக்கு இழுத்து வந்தது புதிய சித்தாந்தமன்று. பழைய வீட்டுக் கவலையே. 1920-ல் அந்தத் தேசம் முழுவதும் மதுவிலக்கு அமுலுக்கு வந்தது. ஆனால் கள்ளக் கடைகள் பெருகின. ஆலைத் தேவைக்கான சாராயத்தைக் குடியாமலிருக்கும் பொருட்டு அதில் மெத்தனாலைக் கலக்கச் செய்த சர்க்கார், 1927-ல் அதன் அளவை இன்னும் அதிகப்படுத்தினார்கள். அதைத் திருடி விற்றவர்களும் வாங்கிக் குடித்தவர்களும் இருந்தபடியால் பலர் கண்ணையும் உயிரையும் இழந்தார்கள். பிறகு 1929-ல் குடியரசுக் கட்சியைச் சேர்ந்த பாலின் ஸேபின் என்னும் அம்மையார் அந்தச் சட்டத்தை ஒழிக்கப் பெண்களைத் திரட்டினார். அவரும் குடும்பத்தின் பெயராலேயே பேசினார்: சட்டத்தை மீறுவதையே வாடிக்கையாகக் காணும் தேசத்தில் என் பிள்ளைகளுக்கு ஒழுக்கம் எப்படி வரும் என்பதே அவருடைய கேள்வி. 1933-ல் மதுவிலக்கு நீக்கப்பட்டது. வீட்டைக் காக்க வந்த சட்டம், வீட்டைக் காக்கவேண்டும் என்ற வாதத்தினாலேயே வீழ்ந்தது.

இதிலிருந்து நாம் கற்கவேண்டிய பாடம், மதுவிலக்கு வீண் என்பதன்று. குடும்பத்தின் பெயரைச் சொல்லுவதனால் மாத்திரம் ஒரு கொள்கை நிலைபெறாது; அதற்குப் பணமும் நிர்வாகமும் வேறு பிழைப்பும் சேரவேண்டும் என்பதே. ராஜாஜி இதை நன்றாக அறிந்திருந்தார். பிற்காலத்தில் சர்க்காரின் கட்டுப்பாடுகளை எதிர்த்து 1959-ல் சுதந்திரா கட்சியைக் கண்டவர் அவர். சர்க்கார் கை எங்கும் நீளக்கூடாது என்று வாதித்தவர். ஆயினும் மது விஷயத்தில் சர்க்கார் கை நீளத்தான் வேண்டும் என்பதில் கடைசிவரை மாறவில்லை. இதில் முரண்பாடு இருப்பதாகச் சிலர் நகைத்தார்கள். நமக்கு அப்படித் தோன்றவில்லை. தன்னைத் தானே ஆளக்கூடிய மனிதனைச் சர்க்கார் ஆளவேண்டியதில்லை. தன்னை ஆளும் சக்தியையே பறித்துக்கொள்ளும் ஒரு பொருளை அதே சர்க்கார் விற்கக்கூடாது. இவ்விரண்டும் ஒரே கொள்கையின் இரண்டு பக்கங்கள். மேலும் அவர் வருமான நஷ்டத்தை மூடி மறைக்கவில்லை. 1939-ல் விற்பனை வரியைக் கொண்டுவந்து, இன்ன நஷ்டத்துக்கு இன்ன ஈடு என்று ஜனங்களுக்குக் கணக்குக் காட்டினார்.

இன்றைய சர்க்காருக்கு அந்த வழி திறந்திருக்கவில்லை என்பதையும் நியாயமாகச் சொல்லவேண்டும். 2017 ஜூலை முதல் தேதியிலிருந்து விற்பனை வரியின் பெரும்பகுதி சரக்கு சேவை வரியில் கரைந்துவிட்டது. அதன் விகிதத்தை ஒரு ராஜ்யம் தனியே உயர்த்த இயலாது. பெட்ரோல், டீஸல், குடிக்கும் மது முதலிய சில பொருள்களே ராஜ்யத்தின் வரிக் கைக்குள் மிஞ்சியிருக்கின்றன. கைக்கு எட்டியதையே மேலும் மேலும் பிழிவது மனித சுபாவம். சர்க்காரின் சுபாவமும் அதுவே. ஆகவே மதுக்கடையை மூடு என்று கோஷமிடுகிறவர்கள், ராஜ்யத்துக்கு வேறு எந்த வரி ஊற்றைத் திறப்பது என்பதையும் டெல்லியை நோக்கிக் கேட்டாக வேண்டும். இந்த இரண்டாவது கேள்வியைக் கேளாமல் முதற் கோஷத்தை மாத்திரம் போடும் அரசியல்வாதி, தேர்தல் முடிந்ததும் அதை மறந்துவிடுவான் என்று நிச்சயமாக நம்பலாம்.

அரசியல் சட்டத்தின் 47-வது ஷரத்து மதுவிலக்கை ராஜ்யங்களின் கடமைகளுள் ஒன்றாகச் சொல்லுகிறது. கோர்ட்டுக்குப் போய் நிறைவேற்றக் கூடிய ஷரத்தன்று அது. வழிகாட்டும் கொள்கை மாத்திரமே. அது 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் விவாதிக்கப்பட்டபோது, ஆதிவாசிகளின் பிரதிநிதியான ஜெய்பால் சிங் ஆட்சேபம் கிளப்பினார். தங்கள் ஜனங்களின் வழிபாட்டிலும் சடங்கிலும் கலந்துள்ள ஒரு பழக்கத்தை, தங்களைக் கேளாமலே மேலிருந்து தடை செய்வது முறையா என்பது அவர் வாதம். அவர் முடிவை நாம் ஏற்காவிட்டாலும், கேட்டுச் செய்யுங்கள் என்ற அவருடைய கோரிக்கையில் பெரிய உண்மை அடங்கியிருக்கிறது. யாரைக் கேட்பது? அங்கேதான் வீட்டுப் பேச்சு அரசியலாக மாறவேண்டிய இடம் இருக்கிறது.

இதற்கு நமது அண்டை நாட்டிலேயே உதாரணம் உண்டு. ஒரு காலத்தில் நம்மோடு ஒரே மாகாணத்தில் இருந்த நெல்லூர் ஜில்லாவில், தூபகுண்டா என்னும் கிராமத்துப் பெண்கள் எழுத்தறிவு வகுப்புக்குச் சென்றார்கள். எழுத்துக் கற்க உட்கார்ந்தவர்கள் தங்கள் வீட்டுக் கஷ்டங்களைப் பேச ஆரம்பித்தார்கள்; ஒவ்வொருத்தியும் தனக்கு மாத்திரம் நேர்ந்த தலைவிதி என்று எண்ணியிருந்தது அங்கிருந்த அத்தனை பேருக்கும் நேர்ந்திருந்தது தெரிந்தது. கள்ளுக்கும் சாராயத்துக்கும் விரோதமாக 1992-ல் அந்த ஜில்லா முழுவதும் கிளர்ச்சி பரவிற்று. 1993 அக்டோபரில் ஆந்திர சர்க்கார் சாராயத்தைத் தடை செய்தார்கள். 1995-ல் பூரண மதுவிலக்கும் வந்தது. ஆனால் 1997-ல் வருமானத்தை உத்தேசித்து அது தளர்த்தப்பட்டது. கிளர்ச்சியைப் பெண்கள் நடத்தினார்கள். சட்டத்தையோ தலைநகரில் இருந்தவர்கள் போட்டார்கள், அவர்களே எடுத்தார்கள். அந்தச் சாவி கிராமத்துப் பெண்களிடம் ஒருபோதும் கொடுக்கப்படவில்லை.

நமது ஜில்லாவிலும் 2024 அக்டோபர் 2-ந் தேதி உளுந்தூர்ப்பேட்டையில் விடுதலைச் சிறுத்தைகள் கட்சியின் சார்பில் மது ஒழிப்புப் பெண்கள் மாநாடு கூடிற்று. அந்தக் கட்சியைப் பற்றி அவரவர்க்கு ஓர் அபிப்பிராயம் இருக்கலாம். ஆனால் அங்கே வந்து உட்கார்ந்த பெண்களின் கவலையும், அந்தக் கட்சியின் பெயரைக் கேட்டாலே முகம் சுளிக்கும் வீடுகளிலுள்ள பெண்களின் கவலையும் வேறு வேறல்ல. மதுக்கடை ஜாதி பார்த்து விற்பதில்லை. மெத்தனாலும் ஜாதி பார்த்துக் கொல்லுவதில்லை. பழமையைப் போற்றும் வீட்டுப் பெரியவர்கள் இந்த ஒரு விஷயத்திலேனும் கட்சிக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பார்ப்பார்களானால், எதிர்பாராத இடங்களிற் கூட்டாளிகளைக் காண்பார்கள்.

நாம் குறிப்பாகச் சொல்ல விரும்பும் யோசனை இதுவே. வட இந்தியாவிலும் ஆந்திரம், தெலுங்கானா முதலிய ராஜ்யங்களிலும் ஐந்தாவது அட்டவணையில் சேர்ந்த பழங்குடிப் பிரதேசங்களுக்கென்று 1996-ல் பார்லிமெண்ட் ஒரு சட்டம் செய்தது. மதுவைத் தடுக்கவோ கட்டுப்படுத்தவோ அங்குள்ள கிராம சபைக்கும் பஞ்சாயத்துக்கும் அதிகாரம் இருக்கவேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் ஓர் அம்சம். தமிழ் நாட்டில் ஐந்தாவது அட்டவணையில் சேர்ந்த பிரதேசம் ஒன்றுகூட இல்லை. ஆகவே கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலைக்கும் அதைச் சுற்றிய கிராமங்களுக்கும் அந்த உரிமை கிடையாது. கீழேயுள்ள சமவெளிக் கிராமங்களுக்கும் கிடையாது. ஆனால் மது என்னும் விஷயம் அரசியல் சட்டப்படி ராஜ்யத்தின் அதிகாரத்தைச் சேர்ந்தது. உள்ளூர் ஸ்தாபனங்களும் அப்படியே. டெல்லியின் அனுமதிக்குக் காத்திராமல் நமது சட்டசபையே பஞ்சாயத்துச் சட்டத்தைத் திருத்தி அந்த உரிமையை ஒவ்வொரு கிராம சபைக்கும் கொடுக்கலாம். மது வியாபாரம் செய்வது யாருக்கும் அடிப்படை உரிமையன்று என்று சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்திருக்கிறபடியால், அதற்குச் சட்டத் தடையும் பெரிதாக இராது.

அப்படிக் கொடுக்கும்போது ஒரு நிபந்தனை மிக அவசியம். கிராம சபையில் கூடியவர்களிற் பாதிப் பேருக்குக் குறையாமல் பெண்கள் இருந்தாலன்றி மதுக்கடையைப் பற்றிய தீர்மானம் செல்லாது என்று சட்டமே சொல்லவேண்டும். இப்பொழுது குடியரசு தினத்திலும், மே தினத்திலும், சுதந்திர தினத்திலும், காந்தி ஜயந்தியிலும் கிராம சபைகள் கூடுகின்றன. கூடி என்ன பயன்? மதுக்கடை வேண்டாமென்று தீர்மானம் போட்டால் அது ஒரு வேண்டுகோளாகவே மேலே போகிறது; பெரும்பாலும் மேலேயே தங்கியும் விடுகிறது. வேண்டுகோளைக் கட்டளையாக்குவதே நாம் கேட்பது. மலையிலுள்ளவர்கள் தங்கள் வழக்கத்தை உத்தேசித்து வேறு விதமாகத் தீர்மானிக்கலாம்; அதுவும் அவர்கள் உரிமை. ஆனால் அந்தத் தீர்மானத்தோடு சாலையும் தொழிலும் வைத்தியமும் மலையேறவேண்டும். மெத்தனால் டிரம்மின் மேல் ஆலை வாசலிலிருந்தே கண் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் கடையை மூடிய ஊரில் விஷம் புகுந்துவிடும் என்பதற்கு அமெரிக்காவின் சரித்திரமே சாக்ஷி.

இதற்கு ஓர் ஆட்சேபம் கிளம்பும். குடும்பத்தினுள் நடப்பதைப் பொதுச் சபையில் பேசலாமா, மானம் போகாதா என்று பெரியவர்கள் கேட்பார்கள். அவர்களை நாம் பணிவுடன் ஒன்று கேட்கிறோம். அரசாங்கம் கடை வைத்து, விலை போட்டு, பண்டிகை நாள் விற்பனையையும் கணக்கிடுகிறபோது, உங்கள் வீட்டு விஷயம் ஏற்கெனவே பொது விஷயமாகிவிடவில்லையா? சர்க்காரின் புஸ்தகத்தில் உங்கள் வீட்டுக் கூலி வருமானம் என்ற தலைப்பில் ஏறியிருக்கிறது. அந்தப் புஸ்தகத்தைத் திறந்து பார்க்க உரிமை கேட்பதில் மானக்கேடு ஒன்றுமில்லை. பேசாமலிருப்பதே மானக்கேடு.

பழமையைக் காப்பது என்றால், பெண்கள் என்ன உடுத்தவேண்டும், பிள்ளைகள் யாரோடு பேசவேண்டும் என்று காவல் நிற்பது மாத்திரமன்று. உழைத்த கூலி வீடு வந்து சேருவதும், தகப்பன் தெளிந்த கண்களோடு வீடு திரும்புவதும், குழந்தை பயமின்றித் தூங்குவதும் நமது பழமைதான். அவற்றைக் காக்காத பழமைப் பற்று வெறும் வாய்ப்பேச்சு. அடுத்த கிராம சபை கூடும் நாளில் திண்ணையிலுள்ள பெரியவர்கள் தாங்களும் சென்று, தங்கள் வீட்டுப் பெண்களையும் அழைத்துச் சென்று, அவர்கள் பேசும்வரையில் காத்திருப்பார்களாக. அந்தப் பேச்சைக் கேட்டபின் சட்டசபை எழுதவேண்டிய சட்டம் என்ன என்பதில் யாருக்கும் சந்தேகம் இராது.